நடுவில் விடுபட்ட பத்து வரிகள்

(தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே படித்த பிள்ளையைக் கல்லூரிக் கட்டுரைக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள வசதியான வீடுகளின் கவலை, ஏலத்தோட்டத்துக்கு நடுவே இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த எல்லையில் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எப்போதும் உண்டு. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியும் முன்னே ஜீப்பில் மலையேறுகிறாள் அம்மா. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன மகள், இரவில் அக்காவின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறாள். 2020-ல் கொரோனாவால் எல்லைச் சோதனைச்சாவடி அடைபட்டபோது, வீடு கேரளத்திலும் பள்ளி தமிழ்நாட்டிலுமாக இருந்த பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையே வகுப்பறையானது. நகரத்து வேலையை விட்டு மலைப்பக்கம் நிலம் வாங்கிக் குடியேறி, குழந்தைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

வேண்டுமென்றே இந்த வழியைத் தேர்ந்தவர்களும் நமக்கு வெகுதூரத்தில் இல்லை. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி 1980களில் அரசு வேலையை விட்டுவிட்டு, மொட்டைக் குன்றில் மரம் வளர்த்தபடியே ‘சாரங்’ என்ற மாற்றுப் பள்ளியை நடத்தினார்கள். தங்கள் பிள்ளைகளையும் வழக்கமான பள்ளிக்கு அனுப்பாமலே வளர்த்தார்கள். தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் தொடங்கிய ‘புவிதம்’ பள்ளிக்கும் விதை, தன் குழந்தைகளுக்குத் தானே கற்பிக்க அவர் எடுத்த முடிவுதான். சட்டத்தைப் பற்றிப் பெற்றோர் பயந்து கேட்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைச் சொல்கிறது. வீட்டுக் கல்வியை அது பெயர்சொல்லி அனுமதிக்கவில்லை. பெற்றோருக்குத் தண்டனையும் விதிக்கவில்லை. இதற்குமேல் சட்டத்தில் நான் நிற்கப்போவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. வீட்டில் படித்த பிள்ளைகளின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவர்களிடம் விஷயம் இல்லாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகம் பார்த்திருக்கிறார்கள், அதிகம் யோசித்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் எழுதியது முன்பின் தெரியாதவர் கைக்குப் போனதும் புரியாமல் போகிறது. எங்கே அறுந்துபோகிறது என்று காட்ட, நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணிதமேதை ராமானுஜன் பள்ளிக்குப் போனவர்தான். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் வாங்கியவர். ஆனால் அவருடைய கணிதம் பள்ளியில் கற்றதன்று. பதினைந்து வயதை ஒட்டி, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதச் சுருக்க நூல் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கி, நிரூபணத்தை ஒரு வரியிலோ ஒரு குறிப்பிலோ முடித்துவிடுகிற புத்தகம் அது. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். தாள் விலை அதிகம், சிலேட்டு அழிந்துபோகும். நோட்டில் மிஞ்சியது முடிவு மட்டுமே. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தனக்குத்தானே எழுதுகிறவருக்கு அது போதும்.

1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எந்தப் பாடத்தில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார் என்பதை நம் பிள்ளைகளிடம் நாம் அழுத்திச் சொல்வதில்லை: ஆங்கிலக் கட்டுரைத் தாள். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. கல்லூரிப் படிப்பே இல்லாமல் வேலை தேடி அலைந்தார்.

இதில் மேதையைக் கல்லூரி புரிந்துகொள்ளவில்லை என்று வருத்தப்பட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அதற்கடுத்து நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்கு பெர்னூலி எண்களைப் பற்றி ராமானுஜன் ஒரு கட்டுரை அனுப்பினார். ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைத் திருப்பி அனுப்பினார். கணக்குத் தவறு என்பதற்காக இல்லை; வாசிக்கிறவர் தொடர்ந்து வர முடியாத அளவுக்கு நடுவழிகள் விடுபட்டிருந்தன. திருத்தி அனுப்பினார்; மறுபடியும் கேள்விகளோடு திரும்பி வந்தது. அப்படிப் பலமுறை போய்வந்த பிறகே 1911-ல் அந்தக் கட்டுரை அச்சாயிற்று. தூக்கிப் போடாமல், தானாகவே திருத்தி எழுதிவிடாமல், பொறுமையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்த அந்தப் பத்திரிகாசிரியருக்கு நாம் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். மாலை நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் தாவித் தாவிப் போவார். நாராயண ஐயரின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி இது: தந்தை ராமானுஜனைப் பிடித்து நிறுத்தி, எனக்கே விளங்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படி விளங்கும், என் அளவுக்கு இறங்கி வந்து, நீ எழுதும் இரண்டு வரிகளுக்கு நடுவே பத்து வரியாவது எழுது என்று வற்புறுத்துவாராம். வீட்டில் படித்த பிள்ளைக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிற எவரும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுவரில் எழுதி மாட்டலாம்.

அதன் பிறகே, 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போயிற்று. நம் நாட்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கல்லூரி விண்ணப்பக் கட்டுரை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தான் யார், என்ன வேலை, என்ன சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்புக்குப் பிறகு தானாக உழைத்து வந்த பாதை இது, கண்டடைந்தவை இவை, உங்களிடம் வேண்டுவது இது. இவ்வளவுதான். ஏழ்மையை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. பின்னால் சுமார் 120 தேற்றங்கள். அப்போதும் ஹார்டி திருப்பிக் கேட்டது நிரூபணங்களைத்தான். நடுவில் விடுபட்ட வரிகளைத்தான்.

கும்பகோணம் கல்லூரியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அங்கே 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த தமிழறிஞர் உ.வே.சாமிநாதையரும் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். அவர் மாற்றலாகிச் சென்னை போனதற்கு அடுத்த ஆண்டு ராமானுஜன் அங்கே சேர்ந்தார். இருவருமே கல்லூரிக்கு வெளியே கற்றவர்கள். ஆனால் சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் கூட்டத்தோடு உரக்கப் படித்து, மற்றவர்களுக்குப் பாடம் சொல்லி, வந்தவர் போனவர் கேட்ட ஐயங்களுக்கெல்லாம் விடை சொல்லி வளர்ந்தவர். எழுதும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு அவர் உரைநடையை விட்டுப் போனதே இல்லை. எழுத்தாளர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமும் பேச்சும் விவாதமும் அவருக்கு அந்த எதிராளைக் கொடுத்தன. கல்லூரிப் படிப்பு இல்லாதது இவர்கள் யாரையும் தடுக்கவில்லை. எழுத்தைப் படித்துவிட்டுப் புரியவில்லை என்று சொல்ல ஆள் கிடைத்ததா என்பதே இவர்கள் விஷயத்தில் வித்தியாசத்தை உண்டாக்கியது.

அப்படியானால் நம் வீட்டில் நடப்பதென்ன? மகள் பாதி வாக்கியம் எழுதினாலே அம்மாவுக்கு மீதி தெரிந்துவிடும். ‘அன்னைக்கு நடந்தது’ என்று எழுதினால் எந்த நாள் என்று அம்மாவுக்குத் தெரியும். ‘சித்தப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று எழுதினால் எந்தச் சித்தப்பா, என்ன சொன்னார் என்று அப்பாவுக்குத் தெரியும். அன்பினால் நாம் இட்டு நிரப்புகிறோம். பதினாறு வருடம் இட்டு நிரப்பப்பட்ட பிள்ளைக்கு, வாசகர் என்பவர் ஒன்றுமே தெரியாதவர் என்பது எப்படித் தெரியும்? வகுப்பறைப் பிள்ளைக்கு வேறு துன்பங்கள் உண்டு. ஆனால் தன்னைப் பிடிக்காத ஓர் ஆசிரியராவது தன் நோட்டைத் திருத்தியிருப்பார். அது ஒரு பயிற்சிதான்.

இன்னொரு கஷ்டமும் வீட்டில் இருக்கிறது. இதைப் பெற்றோரிடம் தயங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிக் கட்டுரையின் உயிர் மறுப்பில் இருக்கிறது. ஒரு கருத்தை வைத்து, அதற்கு எதிரான கருத்தை நியாயமாக எடுத்துச்சொல்லி, அதற்குப் பிறகும் தன் கருத்து ஏன் நிற்கிறது என்று காட்ட வேண்டும். வீட்டில் ஆசிரியரும் அப்பாதான், சோறு போடுகிறவரும் அப்பாதான். தோட்டத்தில் மருந்தடிப்பதைப் பற்றி மகன் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததால் இந்திய ஏலக்காயைச் சவூதி அரேபியா திருப்பிவிட்ட செய்தியை அவன் படித்திருக்கிறான். மருந்தடிக்காவிட்டால் தண்டுத்துளைப்பானும் பேனும் காயைத் தின்றுவிடும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறான். இரண்டையும் எழுதி ஒரு முடிவுக்கு வர அவனால் முடியும். ஆனால் அந்தத் தாளை முதலில் படிக்கப்போகிறவர் மருந்து டேங்கை முதுகில் சுமக்கிற அப்பா. அவன் என்ன எழுதுவான்? இருபுறமும் வலிக்காத நாலு வாக்கியம் எழுதி முடித்துவிடுவான். வீட்டில் மரியாதையாக வளர்ந்த பிள்ளைகளின் கட்டுரைகள் சப்பென்று இருப்பதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டுரை எங்கெல்லாம் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு அரசுக் கல்லூரிகளில் சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டுரை தேவைப்படுவதில்லை. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நடக்கும் பொது நுழைவுத் தேர்வும் விடையைத் தேர்ந்தெடுக்கிற வகைதான், தமிழிலும் எழுதலாம். சோனிபட்டில் இருக்கும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு கட்டுரை கேட்கின்றன. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான ஒரே விண்ணப்பம் இருக்கிறது. அதில் சொந்தக் கட்டுரை 650 சொற்களைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 4,000 எழுத்துகளுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்.

மும்பையில் பள்ளியை விட்டு வீட்டில் படித்த மாளவிகா ராஜ் ஜோஷியை உங்களில் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியும், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் அவருக்கு ஐ.ஐ.டி.யில் வழி இல்லை. சென்னை கணிதவியல் கழகமான சி.எம்.ஐ. கதவைத் திறந்தது, 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. எம்.ஐ.டி. ஒரு நீண்ட கட்டுரைக்குப் பதிலாகச் சில சிறு கேள்விகள் கேட்கும். வீட்டில் படித்தவர்களிடம் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்னொன்றும் எதிர்பார்க்கின்றன: பெற்றோர் அல்லாத ஒருவரின் பரிந்துரைக் கடிதம். பெற்றோரை நம்பாததால் கேட்கிறார்கள் என்று சிலர் வருந்துகிறார்கள். வீட்டுக்கு வெளியே இந்தப் பிள்ளையை அறிந்த ஒருவராவது உண்டா என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது விண்ணப்பக் கட்டுரையை அல்ல. அது ஒரே ஒரு தாள். சேர்ந்த பிறகு படிப்பு முடியும்வரை எழுத வேண்டியிருக்கிறதே, அதை நினைக்கிறேன். இங்கே பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் முடிக்கிற பிள்ளை, கேரளத்து மேல்நிலை வகுப்புக்குப் போனதும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ கல்லூரிக்குப் போனாலும், கீழே இறங்கி உத்தமபாளையத்திலோ போடியிலோ சேர்ந்தாலும், பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் சொந்தமாக எழுதத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் கைடை மனப்பாடம் செய்கிறார்கள்.

பயிற்சி எங்கே தொடங்குவது? தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்திருக்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆசிரியர் மதிப்பிடும் வீட்டுப்பணியை அலட்சியம் செய்யாதீர்கள் என்பது. அதற்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. இணையத்திலிருந்து எடுத்து எழுதி ஒப்படைத்துவிடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் எழுத்தை முகம் தெரியாத ஓர் ஆசிரியர் படிக்கப்போகிற முதல் வாய்ப்பு அது. அதைப் போய் வீணாக்குகிறோம்.

அடுத்தது, கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக முடித்தவள், அம்மாவோடு காய் எடுக்கப் போகிறவள். ஏலக்காய் எடுப்பதைப் பற்றி எழுதச் சொன்னேன். காலையில் போவோம், காய் எடுப்போம், ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்துவோம், பிறகு விற்பார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு பிழை இல்லை. அந்தத் தாளைத் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் ஏலக்காயைப் பாயசத்தில்தான் பார்த்திருக்கிறார். மரத்தில் ஏறிப் பறிப்பீர்களா, ஏணி உண்டா என்று கேட்டு எழுதினார்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு யோசித்தாள். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். ஆனால் காய் உச்சியில் இல்லை, தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில் இருக்கிறது என்பதை அவள் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை, இங்கே யாருக்குத்தான் அது தெரியாது? அடுத்த தாளில் அவள் அம்மா குனிந்து, ஈரத்தரையில் இலையை விலக்கி, தொட்டுப்பார்த்தே முற்றின காயை அறிகிறாள். வெடிக்கும் முன்னே எடுக்க வேண்டும், பிஞ்சையும் எடுத்துவிடக் கூடாது என்பது வந்தது. ஒரே செடியில் பூவும் பிஞ்சும் காயும் ஒன்றாக இருப்பதால்தான் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பிப் போகிறார்கள் என்பது வந்தது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும், உலரும்போது பச்சை நிறம் போகாமல் காக்க வேண்டும் என்பது வந்தது. நண்பர் மறுபடி கேட்டார்: அவ்வளவு சிரமத்தில் பச்சை நிறத்தைக் காப்பாற்றுவது ஏன், சுவை மாறுமா? அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டோர்க்காரரிடம் போய்க் கேட்டாள். புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை வைப்பதையும், எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்குத் தனி மதிப்பு என்பதையும் அறிந்து வந்து எழுதினாள். அதன் பிறகு ஒரு கேள்வியை அவளே எழுப்பினாள். அம்மாவின் கூலி நாள் கணக்கில் வருகிறது, விலை காயின் பருமனில் இருக்கிறது. அப்படியென்றால் பிஞ்சை விட்டு முற்றினதை மட்டும் எடுக்கிற அம்மாவின் கைத்திறனுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

அந்தக் கேள்விதான் கல்லூரிக் கட்டுரை. அவளுக்குப் பொருளாதாரம் நான் கற்பிக்கவில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஏணியைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான்.

இங்கே தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ‘ஞள்ளானி’ ஏலக்காய் ரகம் மலை முழுக்கப் பரவியிருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் செய்கிற வேலையை ஒரு விவசாயி எப்படிச் செய்தார் என்று ஒருவர் எழுதலாம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கீழே இறங்கிக் கம்பத்தின் நெல்லையும் திராட்சையையும் வளர்க்கிறது. மேலே கேரளத்தில் நிற்கிறவர்கள் அந்த அணையை ஒரு கண்ணால் பார்க்கிறார்கள், கீழே தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் இன்னொரு கண்ணால் பார்க்கிறார்கள். இரண்டு ஊரிலும் உறவுள்ள பிள்ளையைவிட அதை எழுதத் தகுந்தவர் யார்? எதிர்க்கருத்தை நியாயமாகச் சொல்லும் பயிற்சி அவனுக்கு மாமா வீட்டுக்குப் போய்வந்தாலே கிடைத்துவிடும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், தாளில் ஆங்கிலம் என்று மூன்றையும் சுமக்கிற பிள்ளையிடம் நேரே ஆங்கிலத்தில் எழுது என்று சொல்லாதீர்கள். முதலில் வாயால் சொல்லட்டும். பிறகு தமிழில் எழுதட்டும், வாசகரின் கேள்விகள் வரட்டும், இரண்டாம் முறை தமிழில் எழுதட்டும். அதை மூடிவைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றினால் இரண்டு மொழியும் கெட்டுப்போகும். என்ன சொல்லப்போகிறோம் என்பது தெளிந்துவிட்டால் எளிய ஆங்கிலம் போதும். ராமானுஜன் கடிதத்தின் ஆங்கிலம் எளியதுதான்.

பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் போட்டு எழுதப் பழகிய நாம், வீட்டுப் பிள்ளைக்கும் அதையே கொண்டுவந்து மாட்டுகிறோம். அந்தச் சட்டகம் தேர்வுத்தாளைத் திருத்துகிறவருக்கு வசதி. அதிலிருந்து தப்பித்த பிள்ளைகளை நான் அதிர்ஷ்டசாலிகள் என்றே நினைக்கிறேன். அவர்கள் கட்டுரை விஷயம் போகிற வழியில் போகட்டும்.

கண்ணீரை வரவழைக்கும் கட்டுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் பட்ட கஷ்டத்தை எழுதச் சொல்லும் கேள்வி இருப்பது உண்மை. அதைப் பார்த்ததும் வழிகாட்டிகள் சிலர் தோட்டத் தொழிலாளி மகளின் வறுமையைப் பிழிந்தெடுத்து எழுதச் சொல்கிறார்கள். அவள் அம்மாவின் கை காயைத் தொட்டே முற்றலை அறிகிற கை. அந்த அறிவை விட்டுவிட்டு, வெடித்த விரலை மட்டும் காட்டினால் அம்மாவை நாம் குறைத்துவிட்டோம். கஷ்டத்தை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வரியில் எழுது, பிறகு வேலையைப் பற்றிச் சொல் என்கிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கிறவர்கள் முன்பே இருந்தார்கள். 2022 இறுதியிலிருந்து கணினியே எழுதித் தருகிறது. போனில் கேட்டால் 650 சொற்கள் நொடியில் வருகின்றன. அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நேர்மையாகக் கேட்டார், நானும் நேராகவே பதில் சொன்னேன். அந்தக் கட்டுரை ஓட்டையே இல்லாமல் வரும். ஆனால் உங்கள் மகள் எங்கே தாவினாள் என்பது அதில் தெரியாது. அது தெரியாவிட்டால் ஏணியைப் பற்றிக் கேட்க எவருக்கும் இடமிருக்காது. கேட்காவிட்டால் அவள் ஸ்டோர்க்காரரிடம் போக மாட்டாள். கல்லூரியில் இடம் ஒருவேளை கிடைக்கும். அவள் யோசித்த கேள்வி பிறக்காது. எனக்கு அந்தக் கேள்வி வேண்டும்.

இனி நம்மால் ஆவது. கேரளத்தின் பெரிய செல்வம் அதன் வாசகசாலைகள். பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிவைத்த இயக்கம் இன்று ஊர் தோறும் ஒரு கட்டடமாக நிற்கிறது. கீழே தேனி மாவட்டத்தில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. மேலே ஒரு நூலகம், கீழே ஒரு நூலகம் என்று இரண்டைச் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பிள்ளைகளின் கட்டுரைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மேலே எழுதியதைக் கீழே இருக்கிறவர் படிக்கட்டும். கீழே எழுதியதை மேலே இருக்கிறவர் படிக்கட்டும். வாசகர்கள் ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. ஜீப் ஓட்டுகிற அண்ணன், ஓய்வுபெற்ற தபால்காரர், தையல்கடை அக்கா, யாராக இருந்தாலும் சரி; எழுதிய பிள்ளைக்கு உறவினராக மட்டும் இருக்கக் கூடாது. அவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், நன்று என்றும் எழுத வேண்டாம். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதினால் போதும். ஒரு தாளுக்கு மூன்று கேள்வி. அடுத்த மாதம் அதே கட்டுரை மறுபடி எழுதப்பட்டு அதே வாசகரிடம் திரும்ப வேண்டும். பெற்றோர் கடைசியில் படிக்கட்டும். அதுவரை பொறுத்திருப்பது எளிதில்லை என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்கப் பொது விண்ணப்பம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் தேதி திறக்கிறது. அதை நினைத்திருக்கிற குடும்பங்கள் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கினால் போதாது. பதினான்கு வயதிலேயே தொடங்குங்கள். கல்லூரியே தீர்மானமாகாத பிள்ளைகள் இந்த மாதமே தொடங்கலாம். நூலகங்கள் ஏற்பாடாகும் வரை முதல் வாசகராக நானே இருக்கிறேன். என் முகவரியை வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் தினமும் நடக்கிற ஒரு வேலையை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள்; கேள்வி எழுத எனக்கு இடம் வேண்டும்.